குஸ்கோவுக்குப் போகுமுன் யாரைப் படிப்பது?

அடுத்த ஆண்டு பெருவுக்குப் போகவிருக்கும் நண்பர் ஒருவர் போன வாரம் தொலைபேசியில் கேட்டார்: “இன்காக்களைப் பத்தி ஒரே ஒரு புத்தகம் படிச்சுட்டுப் போகணும். சுற்றுலாக் கையேடு வேண்டாம். அந்தக் காலத்து ஆளுங்க எழுதினதா இருக்கணும். முக்கியமா, எந்தப் பக்கமும் சாயாததா இருக்கணும். எது வாங்கட்டும்?”

முதல் இரண்டு நிபந்தனைகளுக்கு உடனே பதில் சொல்லிவிடலாம். மூன்றாவதற்கு ஆள் இல்லை. இன்காக்களைப் பற்றி எழுதிய ஒவ்வொருவர் கையிலும் ஏதோ ஒரு வழக்கு இருந்தது. ஒருவருக்கு மனைவி வீட்டுப் பெருமை. ஒருவருக்கு அப்பாவின் பெயரில் விழுந்த கறை. இன்னொருவருக்குக் கைவிட்டுப்போன நிலம். வேறொருவருக்கு மேலிடத்து உத்தரவு. அதனால் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டு பேசினோம்: யாருடைய சாய்வு நமக்கு எதைக் காட்டித் தருகிறது, எதை மறைக்கிறது? ஐந்து பேரை எடுத்துக்கொண்டோம். அந்தப் பேச்சைத்தான் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

அதற்குமுன் ஒரு விஷயம். இன்காக்களிடம் ஏட்டில் எழுதும் வழக்கம் இல்லை. கிப்பு என்ற முடிச்சுக் கயிறுகளில் கணக்கு வைத்தார்கள், மன்னர்களின் கதைகளைப் பாட்டாகப் பாடினார்கள். 1532 நவம்பர் 16 அன்று கஹமார்காவில் ஸ்பானியப் படைத்தலைவர் பிசாரோ இன்கா மன்னர் அதாவால்பாவைச் சிறைபிடித்த பிறகுதான் இவர்கள் கதை தாளில் ஏறுகிறது. ஆகவே, எழுதிய ஸ்பானியர்கள் திரித்துவிட்டார்கள், அதற்கு முன்பு இருந்ததெல்லாம் சுத்தமான வரலாறு என்று நினைக்கத் தோன்றும். அப்படி இல்லை.

ஓர் இன்கா மன்னர் இறந்தால் அரியணை ஒரு மகனுக்குப் போகும். நிலம், அரண்மனை, பணியாட்கள் எல்லாம் மற்ற வாரிசுகள் அடங்கிய பனாகா என்ற குடும்பக் குழுவிடம் தங்கிவிடும். இறந்தவரின் உடலைப் பதப்படுத்தி வைத்துக்கொள்வது, அதற்குச் சாப்பாடு படைப்பது, திருவிழா நாளில் சதுக்கத்துக்குத் தூக்கிவந்து உட்காரவைப்பது, அவருடைய வெற்றிகளைப் பாடுவது எல்லாம் அந்தப் பனாகாவின் பொறுப்பு. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. தங்கள் பாட்டனார் பயந்து ஓடிய கதையை எந்தப் பனாகா பாடும்? இன்காக்களின் தலைநகரான குஸ்கோவில் பத்துப் பன்னிரண்டு பனாகாக்கள் இருந்தன என்றால் பத்துப் பன்னிரண்டு வரலாறுகள் இருந்தன என்று பொருள். ஸ்பானியர்கள் வந்து எந்த வீட்டுக் கதவைத் தட்டினார்களோ அந்த வீட்டு வரலாறு அவர்களுக்குக் கிடைத்தது.

இதைச் சோதித்துப் பார்க்கச் சுலபமான வழி ஒன்று உண்டு. எந்த நூலைக் கையில் எடுத்தாலும் சாங்கா போர் வரும் அத்தியாயத்தைத் திறந்து பாருங்கள்.

கதை இதுதான். மேற்கே அந்தஹுவைலாஸ் பக்கமிருந்து சாங்கா இனத்தாரின் படை குஸ்கோவை நோக்கி வருகிறது. மன்னர் நகரைக் கைவிட்டு ஓடிவிடுகிறார். ஓரங்கட்டப்பட்டிருந்த ஒரு மகன் மட்டும் எதிர்த்து நின்று நகரைக் காப்பாற்றுகிறான். களத்தில் கிடந்த கற்களே வீரர்களாக எழுந்து அவனுக்காகப் போரிட்டன என்றுகூடச் சிலர் எழுதியிருக்கிறார்கள். இதற்குப் பிறகுதான் ஒரு பள்ளத்தாக்கு ராஜ்யம் பேரரசாக விரிகிறது. சரி, ஓடியவர் யார், நின்றவர் யார்? நம் ஐந்து பேரில் பெத்தான்சோஸும் சார்மியெந்தோவும் ஓடியவர் மன்னர் விராகோச்சா என்கிறார்கள், கூடவே அவர் செல்லப்பிள்ளை உர்கோ. சியேசா பழியைப் பெரும்பாலும் உர்கோ தலையில் கட்டுகிறார். நின்றவர், மூவர் கணக்கிலும், பின்னாளில் பச்சகூத்தி என்று பெயர் சூடிய யுப்பாங்கி. கார்சிலாசோவைத் திறந்தால் தலைகீழ். அங்கே ஓடுபவர் ஒரு தலைமுறை முந்திய யாவர் வாக்காக். நின்று ஜெயிப்பவர் விராகோச்சா. ஒரு நூலில் கோழையாக இருப்பவர் அடுத்த நூலில் ராஜ்யத்தைக் காத்த வீரர்!

இந்த ஒரு முரண்பாட்டை வைத்துக்கொண்டே ஐந்து பேரையும் எடைபோடலாம்.

முதலில் ஹுவான் தே பெத்தான்சோஸ். ஸ்பானியர், இன்காக்களின் கெச்சுவா மொழியை நன்றாகக் கற்று துபாஷியாக வேலை பார்த்தவர். அரசப் பிரதிநிதி அந்தோனியோ தே மெந்தோசா கேட்டுக்கொண்டதால் 1551-இல் இன்கா மன்னர்களின் வரலாற்றை எழுதினார். அவருக்கு மொழியைவிடப் பெரிய முதல், வீட்டில் இருந்தது. அவர் மனைவி குஷிரிமாய் ஒக்லோ, ஞானஸ்நானப் பெயர் ஆஞ்ஜெலினா. பச்சகூத்தியின் வழியில் வந்தவர். அதாவால்பாவுக்கு மனைவியாகக் கொடுக்கப்பட்டவர். அதாவால்பா கொல்லப்பட்ட பிறகு அவரைப் பிசாரோ வைத்துக்கொண்டு இரண்டு மகன்களைப் பெற்றார். 1541-இல் பிசாரோவும் கொல்லப்பட, பிறகு பெத்தான்சோஸை மணந்தார். ஸ்பானியர்கள் வந்தபோது ஆண்ட இன்கா மன்னரையும் அவரை வீழ்த்தியவரையும் வீட்டுக்குள்ளிருந்து பார்த்த பெண் அந்தக் காலத்தில் வேறு எத்தனை பேர் இருந்திருப்பார்கள்!

புத்தகம் அப்படியே அவர் குடும்பத்தின் குரலில் பேசுகிறது. முதல் பாகத்தில் பாதியளவு பச்சகூத்திதான். அவர்தான் நகரை மறுபடி கட்டுகிறார், சட்டம் வகுக்கிறார், களஞ்சியம் அமைக்கிறார், கல்யாணம் செய்துவைக்கிறார். அதாவால்பாவுக்கு நல்ல வார்த்தை. அவருடன் அரியணைக்குச் சண்டையிட்ட வாஸ்கர் ஒரு குடிகாரர். இதெல்லாம் சாய்வுதான். ஆனால் சாங்கா போர் முடிந்ததும் வருகிற ஒரு காட்சியைப் பாருங்கள். ஜெயித்த மகன், எதிரிகளின் ஆயுதங்களையும் அணிகளையும் கைதிகளையும் எடுத்துக்கொண்டு, ஓடிப்போய் ஒளிந்திருக்கும் அப்பாவிடம் வருகிறான். வெற்றியை ஏற்றுக்கொள்ளும் அடையாளமாக அவற்றின்மேல் கால் வைத்து மிதிக்கும்படி கேட்கிறான். அப்பா, “உன் அண்ணன் உர்கோ மிதிக்கட்டும், எனக்குப் பின் பட்டத்துக்கு வரப்போகிறவன் அவன்” என்கிற பாணியில் பதில் சொல்கிறார். மகன் மறுக்கிறான்: ஓடிப்போனவர்கள் மிதிப்பதற்காகவா நான் ஜெயித்தேன்? பேரரசு தொடங்கும் கதையின் நடுவே, அப்பாவின் வாயால் ஒரு சொல் கிடைக்காதா என்று நிற்கும் பிள்ளை. இதை வெளியாள் யாரும் கேட்டறிந்திருக்க முடியாது. பச்சகூத்தி வீட்டு மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி ஆற்றிக்கொண்ட மனக்குறை இது.

நண்பரிடம் இதைத்தான் சொல்லிப் பார்த்தேன். பெத்தான்சோஸிடமிருந்து மனைவி வீட்டுச் சாய்வைக் கழித்துவிட்டு மீதியைப் படிக்கலாம் என்று உட்கார்ந்தால் மீதி என்று எதுவும் இருக்காது. சாய்வு வந்த அதே வாசல் வழியாகத்தான் செய்தியும் வந்தது. அவர் அந்த வீட்டு மாப்பிள்ளையாக இல்லாவிட்டால் அந்தக் காட்சி நமக்குக் கிடைத்தே இருக்காது.

நடைமுறையில் ஒரு குறை உண்டு. படிக்கக் கரடுமுரடு. கெச்சுவாவில் கேட்டதை வாக்கியத்துக்கு வாக்கியம் ஸ்பானிய மொழியில் இறக்கியதுபோல, சொன்னதையே சொல்லிக்கொண்டு போவார். நெடுங்காலம் முதல் 18 அத்தியாயங்கள் மட்டுமே தெரிந்திருந்தன. மயோர்க்கா தீவின் பால்மா நகரில் முழுப் பிரதி கிடைத்து, 1987-இல்தான் அச்சானது. அதற்கு முந்திய ஆய்வாளர்கள் இந்தப் புத்தகத்தின் பெரும்பகுதியைப் பார்க்காமலே எழுதினார்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தவர் பேத்ரோ தே சியேசா தே லியோன். இவர் என் செல்லம், முன்கூட்டியே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஸ்பெயினின் எக்ஸ்த்ரமதூரா பகுதிக்காரர். அதாவால்பாவின் மீட்புப் பொன் கப்பலில் வந்து செவியாவில் இறங்கியதைச் சிறுவனாகப் பார்த்தவர். 1535-இல், பதினைந்து வயது வாக்கில், கப்பல் ஏறிவிட்டார். இன்றைய கொலம்பியாவின் மலைகளிலும் காடுகளிலும் பத்தாண்டுக்கு மேல் சிப்பாயாக அலைந்தார். அங்கே சாலை இல்லை, களஞ்சியம் இல்லை, ஒரு மன்னர் என்று யாருமில்லை. ஒவ்வொரு பள்ளத்தாக்கும் தனித்தனி. அதற்குப் பிறகு 1547 வாக்கில் தெற்கே இறங்கி இன்காக்களின் பெருஞ்சாலையில் கால் வைக்கிறார்.

அவர் வியப்பைப் புரிந்துகொள்ள இந்தப் பின்னணி போதும். சேற்றில் நடந்தே தேய்ந்த காலுக்குத்தான் கல் பாவிய சாலையின் அருமை தெரியும். கித்தோவிலிருந்து குஸ்கோவுக்கும் அங்கிருந்து சிலிக்கும் போகும் இந்தச் சாலையைப் போல் இன்னொன்றை, ஸ்பெயினின் பேரரசரே தம் முழு பலத்தையும் திரட்டினாலும் போட முடியுமா என்று சந்தேகப்படுகிறார். தம் நாட்டு மன்னரைத் தாழ்த்தி ஒரு சிப்பாய் இப்படி எழுதுவது சாதாரணமில்லை. மறுபக்கம், அதே பின்னணியால்தான் அவர் ‘இன்காக்களுக்கு முன் இங்கே ஒழுங்கு என்பதே இல்லை’ என்ற குஸ்கோக்காரர்களின் பேச்சை எளிதாக நம்பிவிடுகிறார். இன்று சவீன், நாஸ்கா, மோச்சே, வாரி என்று ஆயிரம் இரண்டாயிரம் ஆண்டு பழைய பண்பாடுகளைத் தோண்டி எடுத்துவிட்டோம். அவருக்குக் கொலம்பியக் காடுதான் அளவுகோல்.

பிடித்துப்போனதற்கு வேறு காரணம். ஹவுஹா பள்ளத்தாக்கில் வாகாராபோரா என்ற தலைவரைச் சந்திக்கிறார். கயிற்று முடிச்சில் கணக்கு வைக்க முடியும் என்பதில் சியேசாவுக்கு நம்பிக்கையில்லை. செய்து காட்டச் சொல்கிறார். தலைவர் ஆளனுப்பிக் கிப்புக்களை வரவழைக்கிறார். பிசாரோ அந்தப் பள்ளத்தாக்குக்குள் நுழைந்த நாளிலிருந்து ஸ்பானியர்களுக்குக் கொடுத்த பொன், வெள்ளி, துணி, சோளம், லாமா என்று எல்லாமே அந்தக் கயிற்றில் ஒன்று விடாமல் இருக்கின்றன. அசந்துபோனேன் என்று எழுதுகிறார். இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தக் கயிறு சொல்வது கொள்ளைக்கணக்கு. கொள்ளையடித்த படையைச் சேர்ந்த ஒருவரிடமே அதை வாசித்துக் காட்டுகிறார்கள், அவரும் அதை மறைக்காமல் தாளில் ஏற்றுகிறார்.

இன்னது நானே பார்த்தது, இன்னது 1550-இல் குஸ்கோவில் கயு தூப்பாக் முதலான பெரியவர்களைக் கூட்டிவைத்துக் கேட்டது, இன்னதை நான் நம்பவில்லை என்று சியேசா பிரித்துப் பிரித்துச் சொல்வார். கோயில், பலி என்று வந்துவிட்டால் மட்டும் பேச்சு மாறிவிடும்; எல்லாம் சாத்தானின் வேலை. பெண்கள் அதிகம் வரமாட்டார்கள். அடிமட்டத்தில் உழைத்தவன் என்ன நினைத்தான் என்பதும் வராது. 1554-இல், முப்பத்தைந்து வயதுக்குள், இறந்துவிட்டார். முதல் பாகம் மட்டும் 1553-இல் அச்சானது. இன்காக்களைப் பற்றிய இரண்டாம் பாகம் 300 ஆண்டு கையெழுத்துப் பிரதியாகவே கிடந்தது. அதைப் பயன்படுத்திய அமெரிக்க வரலாற்றாசிரியர் பிரெஸ்காட்கூட வேறு ஒருவர் எழுதியது என்று நினைத்துக்கொண்டுதான் பாராட்டினார், பாவம்.

மூன்றாவது, எல்லோருக்கும் தெரிந்த பெயர்: இன்கா கார்சிலாசோ தே லா வேகா. 1539-இல் குஸ்கோவில் பிறந்தார். அப்பா ஸ்பானியப் படைத்தலைவர், அம்மா இசபெல் சிம்பு ஒக்லோ இன்கா அரச குடும்பத்தவர். அப்பா பிறகு அம்மாவை விட்டுவிட்டு ஒரு ஸ்பானியப் பெண்ணை மணந்தார். 1560-இல், இருபது வயதில், அப்பா விட்டுச்சென்ற பணத்தோடு ஸ்பெயினுக்குப் போன மகன் திரும்பவே இல்லை. புத்தகம் 1609-இல் லிஸ்பனில் வெளிவந்தபோது அவருக்கு எழுபது வயது.

ஐந்து பேரில் படிக்க இன்பமானவர் இவர்தான், சந்தேகமே வேண்டாம். குஸ்கோவில் முதன்முதலாக மாடு பூட்டி உழுததைப் பார்க்க ஊரே திரண்டதாம். பள்ளிக்கு மட்டம்போட்டுவிட்டு இவரும் ஓடியிருக்கிறார். அதற்கு இரண்டு டஜன் அடி. அப்பா கொஞ்சம் கொடுத்தார், அப்பா கொடுத்தது போதாது என்று வாத்தியார் மிச்சத்தைக் கொடுத்தார் என்று அறுபதாண்டு கழித்து நினைவுகூர்கிறார். ஸ்பெயினுக்குக் கிளம்பும்போது விடைபெறப் போன அதிகாரியின் வீட்டில், பறிமுதல் செய்து வைத்திருந்த மன்னர்களின் பதப்படுத்திய உடல்களைப் பார்த்ததையும் சொல்கிறார். வைனா காப்பாக்கின் விரலைத் தொட்டுப் பார்த்திருக்கிறார். மரம்போல் விறைத்திருந்ததாம். அம்மா வழியில் தாத்தா முறையாகும் மன்னரின் விரல் அது! எத்தனை ஆய்வேடு எழுதினாலும் வேறு யாராலும் இந்த வரியை எழுத முடியாது.

இனி அவருடைய வழக்குக்கு வருவோம். அப்பாவின் சேவைக்காகவும் அம்மாவின் பரம்பரைக்காகவும் ஏதாவது சலுகை கிடைக்குமா என்று மாட்ரிட்டில் விண்ணப்பித்தார். 1547-இல் வாரினா போரில் பிசாரோவின் தம்பியான கலகக்காரர் கொன்சாலோ பிசாரோவுக்கு உன் அப்பா குதிரை கொடுத்து உயிரைக் காப்பாற்றினார், வரலாற்று ஆசிரியர்களே எழுதிவிட்டார்கள், பிறகென்ன சலுகை என்று அதிகாரி கைவிரித்துவிட்டார். புத்தகத்தில் வந்த ஒரு வரி அவர் எதிர்காலத்தை முடித்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் மற்ற வரலாற்று ஆசிரியர்களைப் படித்ததெல்லாம் பேனாவும் கையுமாகத்தான். கோமாரா எழுதிய நூலின் ஓரங்களில் அவர் எழுதிவைத்த மறுப்புகள் இன்றும் இருக்கின்றன.

அப்படிப்பட்டவர் எழுதும் இன்காக்கள் எப்படி இருப்பார்கள்? ரோமானியர்களைப் போல இருப்பார்கள். காட்டுமிராண்டிகளை அன்பால் வசப்படுத்தி, ஒரே கடவுளை நோக்கி நகர்த்தி, கிறிஸ்துவத்துக்கு நிலத்தைப் பண்படுத்திவைத்த நல்லாட்சியாளர்கள். மனித பலி அவர்களிடம் இல்லவே இல்லை என்று சாதிக்கிறார். 1999-இல் அர்ஜென்டினாவின் யுயையாகோ மலையில், 6,739 மீட்டர் உயரத்தில், பலியிடப்பட்ட மூன்று குழந்தைகளின் உடல்கள் உறைந்தபடி கிடைத்தன, இன்கா உடைகளோடும் படையல் பொருள்களோடும். இந்த விஷயத்தில் கார்சிலாசோவை நம்ப வழியில்லை. குழந்தைப் பலியைப் பற்றி எழுதிய பெத்தான்சோஸ்தான் சரி.

அதாவால்பாமேல் கார்சிலாசோவுக்கு இருக்கும் வெறுப்புக்கும் வீட்டுக் காரணம் உண்டு. அவர் அம்மாவின் பனாகா மன்னர் தூப்பாக் யுப்பாங்கியினுடையது. உள்நாட்டுப் போரில் அது வாஸ்கர் பக்கம். அதாவால்பாவின் படைத்தலைவர்கள் குஸ்கோவுக்குள் நுழைந்து அந்தக் குடும்பத்தைக் கொன்றதோடு, தூப்பாக் யுப்பாங்கியின் பதப்படுத்திய உடலையும் எரித்தார்கள். பெத்தான்சோஸின் மனைவி வீடு ஜெயித்த நாளில் கார்சிலாசோவின் அம்மா வீடு அழிந்தது. இரண்டு புத்தகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒரே தெருவில் இரண்டு வீட்டார் ஒரே சண்டையைச் சொல்வதுபோல் இருக்கும்.

புத்தகத்துக்குப் பின்னாளில் நேர்ந்ததையும் சொல்லவேண்டும். 1780-இல், இன்கா வழிவந்தவர் என்று உரிமை கொண்டாடிய இரண்டாம் தூப்பாக் அமாரு ஸ்பெயினுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தார். அவரை 1781-இல் கொடூரமாகக் கொன்ற கையோடு, கார்சிலாசோவின் நூலைத் திரட்டி அப்புறப்படுத்தச் சொல்லி அரசாணை வந்தது. 170 ஆண்டு பழைய ஏக்கப் புத்தகம் ஒன்றுக்கு அரசு பயப்பட்டது.

நான்காவது, பேத்ரோ சார்மியெந்தோ தே காம்போவா. மாலுமி, வானியல் தெரிந்தவர், லிமாவில் மதவிசாரணை மன்றத்திடம் சிக்கி மீண்டவர். 1572-இல் அரசப் பிரதிநிதி பிரான்சிஸ்கோ தே தொலேதோவின் உத்தரவின்பேரில் எழுதினார். நோக்கத்தை ஒளிக்கவே இல்லை. இன்காக்கள் அடித்துப் பிடித்து ஆண்ட கொடுங்கோலர்கள், பிறப்புரிமையுள்ள அரசர்கள் அல்லர். எனவே ஸ்பெயின் அவர்களை நீக்கியது நியாயம். இவர்களை ஆள ஸ்பெயினுக்கு என்ன உரிமை என்று லாஸ் காசாஸ் பாதிரியார் கிளப்பிவிட்டுப்போன கேள்விக்கு அரசு தேடிய பதில் இது.

இவரிடம் ஒரு வேடிக்கை. எழுதி முடித்ததும், குஸ்கோவின் அரச குலங்களைச் சேர்ந்த 42 பேரைக் கூட்டி, துபாஷி மூலம் அத்தியாயம் அத்தியாயமாக வாசித்துக் காட்டி, சரிதான் என்று சான்று வாங்கிக்கொண்டார். ஒரு பக்கம் பார்த்தால், அந்தக் காலத்தில் வேறு யாரும் செய்யாத சரிபார்ப்பு. மறுபக்கம், எதிரில் இருப்பது தொலேதோவின் அதிகாரம். அதே ஆண்டு செப்டம்பரில் அதே குஸ்கோ சதுக்கத்தில் கடைசி இன்கா தூப்பாக் அமாருவின் தலையை வெட்டச்சொன்னவர் அவர். “இது தப்பு” என்று எழுந்து சொல்ல யாருக்குத் துணிவு வரும்?

இருந்தாலும் இவரைத் தள்ளிவிட முடியாது. கொடுங்கோன்மையை நிரூபிக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு படையெடுப்புக்கும் ஊர், தலைவர், தண்டனை எல்லாம் வேண்டும். அதனால் விவரங்கள் குவிந்துகிடக்கின்றன. கார்சிலாசோ அன்பால் சேர்ந்தது என்று சொல்லும் ஊர் இங்கே எரிந்துகொண்டிருக்கும். இந்தப் பிரதி ஜெர்மனியின் கேட்டிங்கன் பல்கலைக்கழக நூலகத்தில் கிடந்து 1906-இல் அச்சானது. மறு ஆண்டே ஆங்கிலத்தில் கொண்டுவந்த கிளெமென்ட்ஸ் மார்க்கம், முன்னுரையிலேயே தொலேதோவைப் பிடிபிடியென்று பிடித்தார். தாம் மொழிபெயர்க்கும் நூலை நம்பாதீர்கள் என்று முன்னுரை எழுதும் மொழிபெயர்ப்பாளர்! இணையத்தில் இலவசமாகக் கிடைப்பது பெரும்பாலும் அந்தப் பதிப்புதான். முன்னுரையைக் கடைசியில் படியுங்கள்.

ஐந்தாவது குவாமன் போமா தே அயாலா. 1615 வாக்கில் ஸ்பெயின் மன்னர் மூன்றாம் பிலிப்புக்கு எழுதிய, ஏறக்குறைய 1,200 பக்கக் கடிதம் அது. உள்ளே 398 கோட்டோவியங்கள். மன்னர் படித்தாரா என்பதற்கு ஆதாரம் இல்லை. 1908-இல் கோபன்ஹேகன் அரச நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டது. இவர் இன்கா அல்லர், அதாவது முழு இன்கா அல்லர். அப்பா வழியில் இன்காக்களுக்கு முந்திய யாரோவில்கா அரச மரபு என்று உரிமை கொண்டாடுபவர். அதனால் இவருக்கு இன்காக்கள்மேலும் கோபம் உண்டு, நேற்று வந்து எங்களை ஆண்டவர்கள் என்று. மற்ற நால்வரும் குஸ்கோவில் நின்று வெளியே பார்க்க, இவர் மட்டும் வெளியே நின்று குஸ்கோவைப் பார்க்கிறார். நில வழக்கில் தோற்று, 1600-இல் 200 கசையடியும் ஊர்விலக்கும் தண்டனையாகப் பெற்றவர். அந்த ஆத்திரம் பாதிரிகளையும் அதிகாரிகளையும் பற்றிய ஒவ்வொரு பக்கத்திலும் கொதிக்கிறது.

படங்களில் ஒன்று: வைனா காப்பாக் மன்னர் ஒரு தட்டுப் பொன்னை ஸ்பானியர் ஒருவரிடம் நீட்டி, “இந்தப் பொன்னையா தின்கிறாய்?” என்று கெச்சுவாவில் கேட்கிறார். “இந்தப் பொன்னைத்தான் தின்கிறோம்” என்று அவன் ஸ்பானிய மொழியில் பதில் சொல்கிறான். அப்படி ஒரு சந்திப்பு நடந்ததே இல்லை. ஆனால் ஆன்டீஸ் மலைக்காரன் கண்ணில் வந்தவர்கள் எப்படித் தெரிந்தார்கள் என்பதை அந்த ஒரு படம் சொல்லிவிடுகிறது. கிப்பு வைத்திருக்கும் கணக்கர், அவர் காலடியில் கட்டம்போட்ட கணக்குப் பலகை, கிழங்கு நடும் பெண்கள், மாதந்தோறும் வயல் வேலை என்று வாழ்க்கையைப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது. மன்னர்களின் வரிசையும் ஆண்டுகளும் வேண்டுமென்றால் இங்கே வராதீர்கள், நோவாவிலிருந்து தொடங்கி உங்களைச் சுற்றவிட்டுவிடுவார்.

“அப்போ இந்தக் காலத்து ஆராய்ச்சியாளர்களையே படிச்சுட்டா என்ன? அவங்க நடுநிலைதானே?” என்றார் நண்பர். அங்கேயும் கதை அதேதான். 1847-இல் எழுதிய பிரெஸ்காட், பெருவைக் கண்ணால் காணாத பாஸ்டன்காரர். பசியில்லாத நாட்டை வியந்தவர், சுதந்திரமில்லாத நாடு என்று கடைசியில் உதட்டைப் பிதுக்கினார். 1928-இல் இரண்டு நூல்கள் வந்தன. பாரிஸில் பொருளாதார நிபுணர் லூயி போதாங் இன்கா களஞ்சியங்களைக் காட்டி, சோஷலிசம் மனிதரை எங்கே கொண்டுபோய் விடும் பாருங்கள் என்று எச்சரித்தார். லிமாவில் மார்க்சியச் சிந்தனையாளர் மரியாத்தெகி, அதே களஞ்சியங்களையும் கூட்டு நிலங்களையும் காட்டி, சோஷலிசம் எங்கள் மண்ணுக்குப் புதிதல்ல என்று நம்பிக்கை கொடுத்தார். சோளம் ஒன்றுதான்.

மானிடவியலாளர் டாம் சாய்டமா விஷயம் எனக்குப் பிடித்தது. இந்தோனேசியாவுக்குப் போகவென்று நெதர்லாந்தின் லெய்டனில் படித்தவர். அந்தக் காலனி கைவிட்டுப் போனதும் ஆன்டீஸ் பக்கம் திரும்பினார். கட்டமைப்பு, இரண்டாகவும் நான்காகவும் பிரியும் சமூகம் என்று அங்கே கற்ற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தவருக்கு, இன்கா மன்னர் பட்டியலே வரலாறு இல்லை, குஸ்கோவின் சமூக அமைப்பைக் கதையாக்கியது என்று பட்டது. அவர் சொல்வதை ஏற்றால் சாங்கா போரில் நின்றது யார் என்ற நம் கேள்வியே அடிபட்டுப் போகும். கலிபோர்னியாவின் ஜான் ரோவ் மறுபக்கம். பழைய நூல்களை ஒப்பிட்டு 1438-இல் பச்சகூத்தி பட்டமேறினார் என்று ஆண்டு குறித்தார். பச்சகூத்தி கட்டியதாகக் கருதப்படும் மாச்சு பிச்சுவில் கிடைத்த எலும்புகளைக் கதிரியக்கக் கரிம முறையில் சோதித்து 2021-இல் வெளியான ஆய்வு, அங்கே 1420 வாக்கிலேயே ஆள் இருந்ததாகக் காட்டி, அந்த ஆண்டையும் ஆட்டிவிட்டது.

ஒடெசாவில் பிறந்து, ஸ்பானிய உள்நாட்டுப் போரில் போரிட்டு, அதனாலேயே அமெரிக்காவில் நெடுங்காலம் பாஸ்போர்ட் கிடைக்காமல் தவித்த ஜான் முர்ரா வேறு பாதையில் போனார். மன்னர் கதைகளைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு, 1560-களில் அதிகாரிகள் வீடு வீடாகப் போய் எழுதிய ஆய்வறிக்கைகளை எடுத்தார். ஒரே இனக்குழு மலையுச்சியில் லாமா மேய்த்து, நடுச்சரிவில் கிழங்கும் கீழே சோளமும் கோக்கா இலையும் விளைத்துப் பண்டங்களை உள்ளுக்குள்ளேயே பங்கிட்டுக்கொண்டதை அதிலிருந்துதான் காட்டினார். லிமாவின் மரியா ரோஸ்த்வொரோவ்ஸ்கி, போலந்துத் தந்தைக்கும் புனோ பகுதித் தாய்க்கும் பிறந்து, முறையான பட்டம் எதுவும் வாங்காமலே ஆவணக் காப்பகங்களில் உட்கார்ந்து வரலாற்றாசிரியர் ஆனவர். கடற்கரை மக்கள், உள்ளூர்த் தலைவர்கள், பெண்கள் என்று மற்றவர்கள் விட்டதையெல்லாம் தேடினார். பேரரசு என்ற சொல் பழைய உலகத்தின் வாசனையோடு வருகிறது என்று, 1988-இல் வந்த தம் நூலுக்குத் தாவாந்தின்சுயு என்று இன்காக்களின் சொல்லையே தலைப்பில் வைத்தார்.

சரி, முடிவுக்கு வருவோம். ஒன்றே ஒன்றுதான் என்றால் என் ஓட்டு சியேசாவுக்கு. எல்லோரையும்விட உண்மையானவர் என்பதால் இல்லை. எங்கே நின்று பார்க்கிறேன் என்பதை அவரே அடிக்கடி சொல்லிவிடுவதால் நாம் ஏமாறும் வாய்ப்புக் குறைவு. இரண்டு வாங்க முடிந்தால் இரண்டாவது கார்சிலாசோ, ஆனால் முழுசும் வேண்டாம். ஆயிரம் பக்கத்துக்கு மேல் போகும், குஸ்கோ நகரமும் அவர் சிறுவயதும் வரும் பகுதிகள் போதும். அரண்மனைக்குள் நடந்த அரசியல்தான் வேண்டுமென்றால் முதலிடம் பெத்தான்சோஸுக்கு, பொறுமை இருக்கவேண்டும். சார்மியெந்தோவைத் தனியாகப் படிக்கவே கூடாது, பக்கத்தில் கார்சிலாசோ இருக்கும்போது மட்டும். குவாமன் போமாவை வாங்கவே வேண்டாம். கோபன்ஹேகன் நூலகம் முழுப் பிரதியையும் இணையத்தில் வைத்திருக்கிறது, படங்களை மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் போதும். ஐந்து பேருக்கும் நடுவில் வழி தவறாமலிருக்க ரோஸ்த்வொரோவ்ஸ்கியின் ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்று பையில் இருக்கட்டும்.

நண்பர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். நேற்று படம் அனுப்பியிருந்தார். வாங்கியிருப்பது கார்சிலாசோ, இரண்டு பாகமும். கீழே ஒரு வரி: “அந்த மாடு கதை எத்தனாவது பக்கம்?”